பெல்ட்டைப் பிடித்த கை

முத்துவீரன் முதலில் உடைத்தது வரவேற்பறையின் கண்ணாடி மேசையை. இரண்டாவதாக, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் மூக்கை. மூன்றாவதாக எதை உடைத்தான் என்று பிற்பாடு போலீஸ்காரர்கள் அடித்துக் கேட்டபோது அவனுக்கு வரிசை சொல்லத் தெரியவில்லை. கையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி ஒன்று இருந்தது. அது போன இடமெல்லாம் கண்ணாடி சிதறியது. தடுக்க வந்த வார்டு ஆளுக்கு முழங்கை பெயர்ந்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் அய்யூப் கேமராவைக் கட்டிக்கொண்டு குனிந்ததால் அடி முதுகோடு போயிற்று; நிமிர்ந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும்.

1996, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போர்டில் ஏதோ பெயர் இருந்தது. ஊருக்குள் அது நடை ஆஸ்பத்திரி. வாதம் வந்து கை கால் விழுந்தவர்களைக் கொண்டுபோய்ப் போட்டால் நாற்பது நாளில் நடக்க வைத்து அனுப்புவார்கள் என்று பேர். அந்தப் பேருக்குச் சாட்சியாக வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருந்தார்கள். மொத்தம் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் ஒருவர் நீலத் துணிக்கு முன்னால் நேராக நின்றுகொண்டிருப்பார். கீழே பெயர், ஊர், சேர்ந்த தேதி, நடந்து போன தேதி.

அந்த அறுபத்து மூன்றையும் பிடுங்கி ரோட்டில் வீசினான். பீரோவைக் கவிழ்த்து, அதிலிருந்த நெகட்டிவ் டப்பாக்களையும் கேஸ் ஷீட்டுகளையும் நீள நோட்டுகளையும் அள்ளி வந்து மேலே கொட்டினான். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசல் கேன் வாசலிலேயே இருந்தது. தென்காசிப் பக்கம் போகிற பஸ்கள் இரண்டு நின்று, ஜன்னல் வழியே ஜனங்கள் வேடிக்கை பார்க்க, கருப்புப் புகை ரோட்டை மூடியது.

மறுநாள் திங்கட்கிழமை அதே படங்களையும் நோட்டுகளையும் எடுத்துப்போக ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அது தெரியாது. முத்துவீரனுக்குத் தெரியும். அந்த உத்தரவை வாங்க அவன் மதினி அங்காளம்மாள் ஒரு வருஷத்துக்கு மேல் நடையாய் நடந்தவள். தெரிந்துதான் கொளுத்தினான். கோபம் வந்துவிட்டால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விடும். நாற்பது வயது வரைக்கும் அவன் இப்படித்தான் வாழ்ந்தான், இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சண்டை போட அவன் அங்கே போகவில்லை. அவன் வேலை பார்த்த நூல் மில்லில் உடன் வேலை செய்த ஐயாதுரையின் அப்பாவுக்கு வாதம் வந்து அங்கே கிடந்தார். அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனான். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று மதினி சொல்லியிருந்தாள். ஐயாதுரை காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான், மறுக்க முடியவில்லை. தூக்குச்சட்டியோடு உள்ளே நுழைந்தபோது ஐயாதுரையின் அப்பாவை நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். கிழவர் நேராக நின்றார். அய்யூப் கேமராவுக்குள் கண்ணை வைத்து, சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்துவீரன் கிழவரின் முகத்தைப் பார்க்கவில்லை. துணியின் அடியைப் பார்த்தான். தரைக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது, படத்தில் அந்த இடம் விழாது. அங்கே இன்னும் இரண்டு கால்கள் தெரிந்தன. மெட்டி போட்ட வயசான கால்கள். புருஷனின் பாரத்தைப் பின்னாலிருந்து தாங்க முடியாமல், குதிகால் தூக்கி, நடுங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், அவன் கையிலிருந்த தூக்குச்சட்டி சுவரில் போய் மோதியது.

ஏனென்றால் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அதே துணிக்குப் பின்னால் நின்றவன் அவன்.

அவன் அண்ணன் பால்ச்சாமி பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மகாராஜபுரத்தில் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். ஆறடி ஆள். பேச்சிலும் நடையிலும் பட்டாளம் போகவே இல்லை. மாட்டைக்கூட இந்தியில் அதட்டுவார். 1994 ஆடியில் ஒரு காலை மோட்டார் போடப் போனவர் பம்புசெட் வாசலில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நேரத்தில் போயின. அங்காளம்மாள் மதுரைக்குக் கொண்டுபோகத்தான் காரைத் திருப்பச் சொன்னாள். முத்துவீரன்தான் ராஜபாளையம் என்றான். மில்லுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரைப் பார்த்தவன் அவன்.

"அம்பது பேரு நடந்து போயிருக்காங்க மதினி. படமே இருக்கு. அண்ணனும் நடந்துருவாரு" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டதுண்டு. கோபக்காரனுக்கு வெளியே அடிக்க ஆள் கிடைக்காத நாளும் வரும்.

நாற்பது நாள் பால்ச்சாமி அங்கே கிடந்தார். வார்டு ஆட்கள் அவரைத் தூக்கும்போது உயிரில்லாத வலது கையைப் பிடித்து இழுத்தார்கள். பத்தாம் நாள் தோள்மூட்டு நழுவிற்று. அவர் கத்தவில்லை, கத்தப் பேச்சு இல்லை. புரட்டிப் போட ஆள் இல்லாததால் முதுகில் புண் வந்தது. முதலில் நாலணா அளவு, பிறகு கை நுழையும் அளவு. கையையும் காலையும் அசைத்துப் பழக்க யாரும் வரவில்லை. தினமும் பத்து மணிக்கு டாக்டர் சுந்தரபாண்டியன் வருவார், ஓர் ஊசி போடச் சொல்லுவார், எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

பால்ச்சாமிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். "சரி." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், பெண்டாட்டி அழுதாலும் அதுதான். டாக்டர் கேட்டாலும் சரி என்றார். முன்னேற்றம் தெரிகிறது, நோயாளியே சொல்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சுந்தரபாண்டியன் ராட்சசன் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாகிவிடும். அவர் அப்படி இல்லை. மதுரையிலிருந்து வந்தபோது நல்ல டாக்டர். முதல் ஒன்பது பேரை உண்மையாகவே நடக்க வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் அடியெடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தார். சந்தோஷத்தில் அவர்களைப் படம் எடுத்து மாட்டினார். படத்தைப் பார்த்து ஜனம் வந்தது. ஜனம் வர வர, பக்கத்தில் உட்கார நேரம் இல்லாமல் போயிற்று. சுவரில் படம் கூடாமல் நின்றால் வந்த ஜனம் போய்விடுமே என்ற பயத்தில்தான் அந்த நீலத் துணி வந்தது.

படம் எடுக்கிற நாளில் அவர் முத்துவீரனின் தோளில் கை போட்டு விளக்கினார். நோயாளி தான் நிற்பதுபோல் ஒரு படத்தை வீட்டில் தினமும் பார்த்தால் மனசுக்குத் தெம்பு வரும், தெம்பு வந்தால் கால் தானாக வரும், இது வைத்தியத்தில் ஒரு பகுதி. செத்த நேரம் பின்னால் நின்று பிடித்தால் போதும். அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். முத்துவீரனும் ஆட்டினான். பால்ச்சாமியின் பட்டாளத்து பெல்ட்டை, பித்தளைக் கொக்கி வைத்த அகல பெல்ட்டை, சட்டைக்கு அடியில் இடுப்பில் இறுக்கினார்கள். துணியின் நடுவே ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக இரண்டு கையையும் விட்டு முத்துவீரன் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினான். மில்லில் பஞ்சுப் பொதி தூக்கிய கை, அதனால் அண்ணன் அசையாமல் நின்றார். எல்லாப் படத்திலும் எடுப்பான படம் அதுதான் என்று அய்யூப் சொன்னார். முத்துவீரனுக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு படம் சுவரில் நின்றது, பால்ச்சாமி கட்டிலில் கிடந்தார். புண் அழுகி மூன்றாம் மாதம் ஈ மொய்த்தது. கால் வரவில்லை. ஒரு நாள் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த அங்காளம்மாள் நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் நிற்கிற மற்றவர்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். கேட்டது யாரிடமும் இல்லை.

அவள் எட்டாவது வரை படித்தவள். மாத்திரை வாங்குகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போவாள். சுவரைப் பார்த்து நாலைந்து பேர், ஊர், தேதியை மனப்பாடம் செய்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். பிறகு ஊர் ஊராகத் தேடிப் போனாள். வ. புதுப்பட்டியில் ஒருவர், கான்சாபுரத்தில் இரண்டு பேர், சங்கரன்கோவில் பக்கம் ஏழு பேர். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே மாதிரி ஒரு படம் சுவரில் தொங்கும், அதில் நிற்கிறவர் அதற்கு நேர் கீழே படுத்துக் கிடப்பார், அல்லது படத்துக்கு மாலை போட்டிருக்கும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். படம் எடுக்கும்போது பின்னால் பிடித்தது யார். அதுவரை காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதோடு வாயை மூடிவிடுவார்கள். மகன் பிடித்திருப்பான், பெண்டாட்டி பிடித்திருப்பாள், தம்பி பிடித்திருப்பான். தானே பிடித்துக்கொண்டு நின்ற பொய்யை எப்படி வெளியே சொல்வது? ஆஸ்பத்திரியின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அதில்தான் இருந்தது.

நாற்பத்தெட்டு பேரை அவள் கண்டுபிடித்தாள். நடப்பவர் ஒன்பது, அந்த முதல் ஒன்பது. படுத்துக் கிடப்பவர் இருபத்திரண்டு. செத்தவர் பதினேழு. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டில், வக்கீல் வைக்காமல், தானே மனு எழுதிக் கொடுத்தாள். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதில் பதினோரு வீட்டார் மட்டும் சாட்சி சொல்லச் சம்மதித்தார்கள். மனுவில் அவள் முதலாவதாகக் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அந்த ஆள் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி எழுதி வைக்க வேண்டும். இனி வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வரட்டும்.

அப்பேர்ப்பட்ட படங்களைத்தான் முத்துவீரன் சாம்பலாக்கினான்.

ஸ்டேஷனில் அவனை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். தூண்டியது யார் என்று கேட்டார்கள். வாயில் ரத்தத்தோடு, யாரும் இல்லை, எனக்கே கோபம் வந்தது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் நம்பவில்லை. அது ஒன்றுதான் அவன் சொன்னதிலேயே கலப்பில்லாத உண்மை. பன்னிரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தான். கால் தரையில் பாவவில்லை. நொண்டிக்கொண்டே பஸ் ஏறி மகாராஜபுரம் போனான்.

அங்காளம்மாள் புருஷனைப் புரட்டிப் போட்டு முதுகுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், ஆணியில் தொங்கிய பட்டாளத்து பெல்ட்டை எடுத்தாள். முதல் அடி கழுத்தில் விழுந்தது. இரண்டாவது காதில். கொக்கி பட்டுக் காது மடல் கிழிந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கும் வரைக்கும் அடித்தாள்.

"நீரு ஆஸ்பத்திரிய கொளுத்தல கொழுந்தனாரே. என்னயக் கொளுத்திட்டீரு" என்றாள். "சாட்சி சொல்லுதோம்னு சம்மதிச்ச பதினோரு வீட்டுக்காரவுகளும் போலீசுக்குப் பயந்து வர முடியாது, வீட்டுப் படத்தயும் தர முடியாதுன்னுட்டாங்க. படமும் இல்ல, நோட்டும் இல்ல. நான் எம்புட்டு நடந்தேன்னு ஒமக்குத் தெரியும்ல."

கட்டிலில் இருந்து பால்ச்சாமி "சரி" என்றார்.

யாருக்குச் சொன்னார் என்று இருவருக்கும் தெரியவில்லை. அங்காளம்மாள் பெல்ட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். பிறகு முத்துவீரனை இழுத்துக்கொண்டு போய், அவன் வலது கையை அண்ணன் தலையில் வைத்து, இந்தக் கேஸ் முடிகிறவரை ஒருத்தர் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவன் செய்து கொடுத்தான்.

சத்தியத்துக்குச் சோதனை பத்து நாளில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய நாலு பேர் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பட்டப்பகலில் அவனை மறித்து சைக்கிள் செயினால் விளாசினார்கள். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். முன்னொரு காலமாக இருந்தால் அதில் இரண்டு பேராவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். இப்போது அவன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு பல் போயிற்று, ஒரு விலா எலும்பு விரிசல் விட்டது. வலியைவிட, சும்மா கிடப்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஆனியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நுகர்வோர் கோர்ட் என்றால் பெரிய மண்டபம் ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வீடு ஒன்றின் கூடம். மூன்று நாற்காலி, ஒரு நீள மேசை, சிமெண்டுத் தரை, சத்தம் போடுகிற மின்விசிறி. நீதிபதி இடத்தில் இருந்த தலைவர் வயசான மனிதர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். டாக்டர் சுந்தரபாண்டியன் பின் பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வக்கீல் கெட்டிக்காரர். அறுபத்து மூன்று பேர் நடந்து போனதற்கான ஆதாரம் எங்களிடம் இருந்தது, மனுதாரரின் கொழுந்தன்தான் அதைக் கொளுத்தினார், எரித்துவிட்டு எங்களிடமே ஆதாரம் கேட்கிறார்கள் என்று வருத்தமான குரலில் சொன்னார். அங்காளம்மாளின் நோட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, இதை யாரும் வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம் என்றார். பிறகு, கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே படத்தை, அங்காளம்மாளே வீட்டிலிருந்து கொண்டுவந்து தாக்கல் செய்திருந்ததை, தலைவர் முன்னால் வைத்தார். இதோ நிற்கிறார். யார் கையாவது தெரிகிறதா?

தெரியவில்லை. சட்டை மறைத்திருந்தது.

முத்துவீரனைச் சாட்சி சொல்ல மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அது நான்தான், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன் என்றான். வக்கீல் சிரித்தார். டீசல் ஊற்றிக் கொளுத்தியதும் நீங்கள்தானே, மூக்கை உடைத்ததும் நீங்கள்தானே என்று கேட்டார். அடிதடிக் கேஸில் அவனுக்கு இருந்த வக்கீல், அந்தக் கேள்வி வந்தால் ஒப்புக்கொள்ளாதே என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தக் கேஸ் தனியாக நடந்துகொண்டிருந்தது. முத்துவீரன் மதினியைப் பார்த்தான்.

"ஆமா, நாந்தான். எல்லாம் நாந்தான்" என்றான். "அய்யூப் பாய முதுகுல அடிச்சதும் நாந்தான், அதுக்கு எனக்கு வருத்தம் இருக்கு. அதே மாதிரி எங்க அண்ணன நிக்க வச்சுப் பொய்க்குப் பிடிச்சதும் நாந்தான்."

தலைவர் எழுதிக்கொண்டார். இப்படிச் சொன்னதற்கு அவனுக்குப் பிற்பாடு ஒன்றரை வருஷம் ஜெயில் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அது அரைக் காசுக்குப் பிரயோஜனப்படவில்லை. ஜெயிலுக்கும் பயப்படாத ரவுடி, அண்ணனுக்காக எந்தப் பொய்யும் சொல்லுவான் என்று வக்கீல் முடித்துவிட்டார்.

தலைவர் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பால்ச்சாமியை வேனில் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வெள்ளை வேட்டி, சட்டை, இடுப்பில் பெல்ட். ஆறடி உடம்பு ஒடுங்கி எலும்பாக இருந்தது. தலைவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரை மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கலாம், இன்று போதும் என்றார்.

வக்கீல் விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது இவர் நின்றார், இவர்கள் கவனிக்காமல் போட்டதால் கால் விழுந்திருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, இப்போதுகூட நிறுத்தினால் நிற்பார், நிறுத்திப் பார்க்க இவர்களுக்கு மனசில்லை என்றார். சொல்லிக்கொண்டே பால்ச்சாமியின் முன்னால் குனிந்து, சத்தமாக, நிற்கிறீர்களா அய்யா என்று கேட்டார்.

"சரி" என்றார் பால்ச்சாமி.

வக்கீல் தலைவர் பக்கம் திரும்பிக் கையை விரித்தார்.

முத்துவீரன் எப்போது அண்ணன் பின்னால் போய் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினான். பஞ்சுப் பொதி தூக்கிய கைக்கு அந்த உடம்பு இப்போது ஒரு பாரமே இல்லை. பால்ச்சாமி நின்றார். படத்தில் இருந்த அதே நிற்பு. கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நீலத் துணி ஒன்றுதான் குறை.

"கையை எடுங்க" என்றார் வக்கீல்.

வேண்டாம், உட்கார வையுங்கள் என்றார் தலைவர். முத்துவீரனின் காதில் அது விழவில்லை. அண்ணனின் முதுகு அவன் முகத்துக்கு நேரே இருந்தது. சட்டைக்குள்ளிருந்து புண்ணின் வாடை வந்தது. அவன் வாழ்நாளில் எத்தனை பேரை அந்தக் கையால் அடித்துக் கீழே தள்ளியிருக்கிறான், ஒரு நாளும் கை கூசியதில்லை. இப்போது பத்து விரலும் பெல்ட்டை விட மறுத்தன. மதினியைப் பார்த்தான். அங்காளம்மாள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடுங்க கொழுந்தனாரே" என்றாள். "அன்னைக்கு விட்டிருக்கணும்."

பால்ச்சாமி தலையைத் திருப்ப முயன்றார். பாதிதான் திரும்பிற்று. தம்பிக்குக் கேட்கிற மாதிரி, மெதுவாக, "சரி" என்றார். பட்டாளத்தில் உத்தரவு வாங்கிக்கொள்ளும்போது சொல்லியிருப்பாரே, அந்தக் குரல்.

முத்துவீரன் விரலைத் திறந்தான்.

அதே நொடியில் பின் பெஞ்சு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"விடாதய்யா, விழுந்துருவாரு" என்று கத்திக்கொண்டு டாக்டர் சுந்தரபாண்டியன் ஓடி வந்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மேசையில் இடித்து, வக்கீலைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதல் ஒன்பது பேருக்கு அடியெடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்த ஆள் அத்தனை வருஷம் கழித்து அவருக்குள்ளிருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தது. ஆனால் எட்டவில்லை. பால்ச்சாமி வலது பக்கமாக, மரம் சாய்வதுபோல் ஒரே வீச்சில் விழுந்தார். ஊன்ற ஒரு கை இல்லை. நெற்றி மேசை விளிம்பில் பட்டு, பிறகு சிமெண்டில் பட்டது.

டாக்டர் முழங்கால் போட்டு உட்கார்ந்து பால்ச்சாமியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். தன் வெள்ளைச் சட்டையின் நுனியை நெற்றியில் அமுக்கினார். சட்டை சிவந்தது. முத்துவீரன் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தான். எட்டிப் பிடித்தால் டாக்டரின் கழுத்து அவன் கைக்கு வந்துவிடும். அந்தக் கழுத்தை அவன் எத்தனையோ நாள் கனவில் நெரித்திருக்கிறான். இப்போது அந்த ஆளோடு சேர்ந்து அண்ணனின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

தலைவர் எழுந்து நின்றிருந்தார்.

"விழுந்துடுவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டார்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் ரத்தமான கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, இவர் ஒரு நாளும் நிற்கவில்லை என்றார். யாருமே நிற்கவில்லை, முதல் ஒன்பது பேரைத் தவிர என்றார்.

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்து, அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். அங்காளம்மாள் தன் நோட்டை மேசையிலிருந்து எடுத்து, ஒன்பது என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, புருஷனின் வாயில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே" என்றான் முத்துவீரன். "கேக்குதா அண்ணே? ஒத்துக்கிட்டாங்க."

பால்ச்சாமி அவனைப் பார்த்தார். உதடு அசைந்தது. அந்த ஒரு சொல்லுக்காக மூன்று பேரும் குனிந்து காத்திருந்தார்கள். அன்றைக்கு அதுவும் வரவில்லை.